சமத்துவ இல்லத்து மாடி

தணிகாசலம் தம் தோள் துண்டாலேயே நாற்காலியைத் துடைத்து, "உட்காருங்கள் தம்பி" என்றார். முருகேசனுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாடகை வீடு தேடி காஞ்சிபுரத்தில் அவன் ஏறியிறங்கிய வாசல்களில், சாதியைக் கேட்டு வாசலோடு அனுப்பியவர்கள்தான் அதிகம்.

இந்த வீட்டின் நெற்றியில் 'சமத்துவ இல்லம்' என்று சிமெண்டில் எழுதியிருந்தது. கூடத்துச் சுவரில் புத்தர், காந்தி, அவர்களைவிடச் சற்றே பெரிய சட்டத்துக்குள் தணிகாசலம்.

முந்தின நாள் காந்தி நூற்றாண்டுக் கூட்டத்தில் அவர் பேச்சைக் கேட்டுத்தான் முருகேசன் துணிந்து வந்திருந்தான். "என் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை வாலிபத்திலேயே வெட்டி எறிந்தவன் நான்" என்று அவர் முழங்கியபோது பட்டுக்கடைக்காரர்களெல்லாம் கை வலிக்கத் தட்டினார்கள். என்ன பட்டம் என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு சத்தத்தோடு வெட்டப்பட்டது பெரிய பட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது.

"ஐயா, முன்னாடியே சொல்லிடறேன்" என்றான் முருகேசன். "தாலுக்கா ஆபீஸ்ல குமாஸ்தா வேலை. ஆனா நாங்க காலனி ஆளுங்க."

தணிகாசலம் சிரித்தார். "அதை இந்த வீட்டில் யார் கேட்டார்கள்? எல்லோருக்கும் ரத்தம் சிவப்புதான். அலமு, தம்பிக்குக் காப்பி கொண்டு வா."

காப்பி வந்தது. முருகேசன் டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்தான். 'அலமு' என்று பெயர் வெட்டியிருந்தது. வீட்டார் குடிக்கிற டம்ளர்தான். ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"மாடியில ஒரு குடும்பம் இருந்தா எனக்கும் ஒத்தாசைப்பா" என்றாள் அலமு. "தை மாசம் எங்க கலாவதிக்குக் கல்யாணம். பட்டுக்கடை பூவராகவ முதலியார் வூட்டு சம்பந்தம். முகூர்த்தப் பொடவை தறியில ஏறிடுச்சி."

தணிகாசலம் ஆணியில் தொங்கிய மாடிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "குடும்பத்தில் எத்தனை பேர்?"

"நானும் சம்சாரம் காந்தாவும்தாங்க. மாசமா இருக்குது. எங்க தெருவுல மழை பெஞ்சா வூட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. மொதல் கொழந்தை அந்த ஈரத்துலதான் காய்ச்சல் வந்து பூடுச்சி. இதையாவது ஒலர்ந்த தரையில பெத்து வளக்கணும்னு பாக்கறேன்."

"நியாயம். எந்த ஊர்?"

"தாமல்ங்க. ஏரிக்கரை காலனி."

"ஓ" என்றார் தணிகாசலம். சாவி மேசையில்தான் இருந்தது. "பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கப்புறம் பார்த்துக்கொள்ள ஆள்?"

"பக்கத்து வூட்டு ஜெயம்மா வந்து எங்களோடவே இருந்துடும். ஒரு கண்ணுல பூ வுழுந்துடுச்சி, ஆனாலும் கொழந்தையப் பாத்துக்கறதுல கைக்காரி. அதுக்குன்னு யாரும் இல்லீங்க." முருகேசன் உற்சாகமாக அலமுவின் பக்கம் திரும்பினான். "கல்யாண வூட்லகூட அது வந்து எல்லா வேலையும் இழுத்துப் போட்டுக்கினு செய்யும்மா."

தணிகாசலத்தின் கை சாவிமேல் விழுந்தது. பிறகு சாவி மேசையில் இல்லை.

"மாடிக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை" என்றார்.

"நானே அடிச்சிக்கறேங்க."

"குழாய்த் தண்ணீர் மேலே ஏறாது."

"கொடத்துல தூக்கிக்கறேன்."

"கல்யாணத்துக்கு வருகிற விருந்தாளிகளை எங்கே தங்கவைப்பது?"

"என்னாங்க இது" என்றாள் அலமு. "அவங்களுக்குத்தான் சத்திரம் பேசியாச்சே."

"நீ உள்ளே போ."

அலமு போனாள். முருகேசனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு குமாஸ்தா ஏறினால் மாடிக்கு அலங்காரம், மேடையில் சொல்லிக்கொள்ளலாம். அவன் பின்னால் காலனி ஏறினால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள். சமத்துவம் ஒரு ஆள் அளவுக்குத்தான் தைத்திருந்தது.

அவன் எழுந்தான். "இப்பத்தான் எல்லாருக்கும் ரத்தம் செவப்புன்னீங்க ஐயா. எங்க ஜெயம்மா படியேறினா மட்டும் அது கலர் மாறிடுமா?"

தணிகாசலம் தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டுப் போவட்டுமா? எங்க ஊரு டீக்கடையில அதான் பழக்கம்."

"வேணாம்" என்றார். குரல் மேசையைக்கூடத் தாண்டவில்லை.

முருகேசன் வெளியே வந்து செருப்பை மாட்டினான். காந்தாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பொய் சொல்லு என்றுதான் ஆபீஸில் எல்லோரும் புத்தி சொன்னார்கள். இந்த ஒரு வாசலில்தான் பொய் வேண்டியிருக்காது என்று நம்பியிருந்தான்.

பின்னால் காலடிச் சத்தம். தணிகாசலம் தோள் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெளிக்கதவுவரை வந்துவிட்டார். ஒழிந்தானா என்று பார்க்க வந்திருப்பார்.

"வழியனுப்பவெல்லாம் வேணாங்க" என்றான் முருகேசன், திரும்பாமலே. "போயிடுவேன்."

அவர் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். பிறகு அவன் காதோரம் குனிந்தார். மேடைத் தமிழ் எங்கோ போயிருந்தது.

"எங்கக்காவுக்கு எந்தக் கண்ணுலப்பா பூ?"