இடது பக்கத்து மஞ்சள்

“இது நான் போட்ட கலர் இல்ல உமா. யாரோ பூசியிருக்காங்க.”

பிரேமலா இப்படிச் சொன்னதும் சலூன் நாற்காலியில் இருந்த உமாராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். பாடுபட்டு வரவழைத்த சாம்பல் பொன்னிறத்தில், இடது காதுக்கு மேலே திட்டுத் திட்டாக மஞ்சள். மறுபடியும்!

கன்னங்கரேல் என்றிருக்கும் நம் முடியை வெளுக்க வைப்பது லேசுப்பட்ட வேலையா? முதலில் செம்பு நிறத்தில் பல்லை இளிக்கும். அப்புறம் வாழைப்பழத் தோல் மாதிரி மஞ்சளாகும். அந்த மஞ்சளையும் விரட்டியடித்துச் சாம்பல் பூத்த நிறத்துக்குக் கொண்டுவர, அலோர் ஸ்டார் டவுனில் பிரேமலாவின் சலூனில் இரண்டு முழு நாள் தவம் கிடக்க வேண்டியிருந்தது. மருந்து எரித்த எரிச்சலில் உமாராணி அழுதே விட்டாள்.

எல்லாம் பினாங்கு வேலைக்காகத்தான். முடிச்சாயக் கம்பெனி ஒன்று விளம்பரப் படத்துக்கும், அப்படியே தன் கடை வேலைக்கும் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. நாளைக் காலை படப்பிடிப்பு. முடியில் துளி மஞ்சள் தெரிந்தாலும் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

“பைப்புத் தண்ணியா இருக்குமோக்கா? எங்க கோலா கெடா வீட்டுல சில நாளு கலங்கலா வரும்லா.”

“தண்ணின்னா தலை முழுக்கப் பிடிக்கும். இது ஒரே பக்கம். நீ எந்தப் பக்கம் படுப்ப?”

“வலது பக்கம். சுவரைப் பாத்து.”

“அப்ப மேல இருக்கிற பக்கம்தான் மஞ்சளாகுது.” பிரேமலா ஒரு கற்றையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். “தேங்காயெண்ண வாசம் அடிக்குதே. எண்ண வைக்கிறியா?”

“ஐயோ, எண்ண பக்கமே போறதில்லக்கா. மஞ்சள் ஏறாம இருக்க நீங்க குடுத்த ஊதா ஷாம்பு மட்டும்தான்.”

பிரேமலா அந்தக் கற்றையை வெள்ளைத் துண்டில் அழுத்தித் தேய்த்தாள். துண்டில் மஞ்சள் நிறம் பளிச்சென்று ஒட்டிக்கொண்டது.

“சமையல் மஞ்சள்லா இது!”

உமாராணி துண்டை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான், அவளும் அம்மா சண்முகவள்ளியும். படகுத்துறைப் பக்கம் அம்மாவுக்குப் பொரித்த மீன் கடை. மகள் எழுந்திருப்பதற்கு முன்பே மீன் எடுக்கப் போய்விடுவாள். அப்புறம் பொழுது சாயும்வரை மீனுக்கு மஞ்சள் தடவுவதுதான் வேலை.

“அம்மா இந்தக் கலரைப் பாத்து என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள் பிரேமலா.

“ஒண்ணும் சொல்லல. தொட்டுப் பாக்க வந்தாங்க. ஒரே மீன் கவிச்சி! தொடாதேன்னு கையத் தட்டி விட்டுட்டேன். அன்னையிலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருக்காங்க. பினாங்குக்குப் போகாதேன்னு புலம்பல் வேற.”

பிரேமலா வேலையைத் தொடங்கினாள். அலசி, மருந்து போட்டு, மறுபடி அலசி, மஞ்சளை ஒருவழியாக விரட்டினாள்.

“இதோட மூணு தடவை ஆச்சு உமா. இன்னொரு தடவை மருந்து பட்டா முடி கையோட வந்துடும். நாளைக்குக் காலை வரைக்கும் தலையைப் பத்திரமா பாத்துக்க.”

பஸ்ஸில் வரும்போது உமாராணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போகாதே என்று அம்மா வாயால் சொல்லிப் பார்த்து, அது பலிக்கவில்லை என்றதும் தலையில் கைவைத்துவிட்டாளே! ஊரில் எந்தத் தாயாவது தான் பெற்ற பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போடுவாளா? வேலை கிடைக்காவிட்டால் காலம் முழுக்க மீன் கடையில்தான் நிற்க வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கீழே உட்கார்ந்து, உப்பும் மஞ்சளும் அரித்து வெடித்துப்போன விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

உமாராணி சலூனிலிருந்து கொண்டுவந்த துண்டை அவள் மடியில் வீசினாள்.

“என் தலையில மஞ்ச பூசினது நீதானே?”

சண்முகவள்ளி ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

“நடிக்காதம்மா! நான் பினாங்குக்குப் போகக் கூடாது, அதானே? அதுக்கு நான் தூங்கறப்ப வந்து திருட்டுத்தனமா பூசுவியா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?”

சண்முகவள்ளி துண்டிலிருந்த மஞ்சளைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

“ஐயோ ராணி… நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் தொட்டேன். ஒட்டிக்கும்னு எனக்குத் தெரியாதுமா.”

“ஏன் தொட்டே? அதைச் சொல்லு மொதல்ல! நான் தூங்கறப்ப என் தலையில உனக்கு என்ன வேலை?”

அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“முழிச்சிருந்தா தட்டி விட்டுடுவியேம்மா.”