கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை

சிராங்கூன் ரோடு மண்டபத்தில் சங்கத் தலைவர் சுயாட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே, "கேக்கல லா!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

மைக் செட் சோலைமலைக்குச் சுருக்கென்றது. ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைக் கூட்டினார்.

"கேக்கல!"

பேஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றினார். மைக் வீலென்று அலறியது.

"இன்னும் கேக்கல!"

"அடுத்த கூட்டத்துக்கு வேற மைக் செட்தான் பாக்கணும்" என்று சோலைமலையை முறைத்த தலைவர், "தம்பி, நீங்க முன்னால வந்து உக்காருங்க" என்று அந்த ஆளை அழைத்தார்.

அவர் வந்து, மண்டபத்துக்கே ஒன்றே ஒன்றாக இருந்த மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு சோலைமலை பக்கம் சாய்ந்தார்.

"அண்ணே, இனிமே சவுண்டைக் கொறைங்க. அங்கேயே காது கிழிஞ்சுபோச்சு!"