சரியா சொல்லிட்டனா?

“தப்பா எடுத்துக்காதீங்க லத்தீஃபா. சபா நாளைலேர்ந்து அந்த டேப்லெட்ட வூட்லயே வெச்சிட்டு வரட்டும்,” என்றார் வீட்டுக்கு வந்திருந்த வகுப்பாசிரியை ஜெபகுமாரி.

“எம் பொண்ணுக்கு ஆட்டிசங்க. வாய்ல பேச்சு வராது. படத்த தொட்டா அதான் அவளுக்காக பேசுது. அதையும் புடுங்கிட்டா இன்னா பண்ணுவா டீச்சர்?”

“அது ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’னு ரேடியோ நியூஸ் மாதிரி பேசுது. மொத்த கிளாசும் சிரிக்குது. புள்ள மனசு நோவக்கூடாதுன்னுதான் சொல்றேன்.”

அப்போது உள்ளேயிருந்து ஓர் இளைஞனின் குரல் கேட்டது.

“வேணாம் டீச்சர்! சரியா சொல்லிட்டனாம்மா?”

ஜெபகுமாரி சிரித்துவிட்டார். “யாரு, உங்க பையன் ஹுசைஃபாவா? மஸ்கட்லேர்ந்து எப்ப வந்தான்? ஊருக்கு வர்ற புதூர்நாடு ஜீப்புல ஒருத்தரும் சொல்லலியே! இன்னாப்பா, எங்கிட்ட சண்ட போட்டுட்டு அம்மாகிட்ட மார்க் கேக்குறியா?”

அறை வாசலின் திரைச்சீலை விலகியது. வந்தது சபா மட்டும்தான். கையிலிருந்த டேப்லெட்டில் அதே படத்தை மறுபடி தொட்டாள்.

“வேணாம் டீச்சர்! சரியா சொல்லிட்டனாம்மா?”

“அவன் மஸ்கட்லதாங்க இருக்கான்,” என்றாள் லத்தீஃபா. “கிளாஸ்ல சிரிக்கிறாங்கன்னு சொன்னதும், நம்ம பேச்சுலயே ஒவ்வொரு வார்த்தையா ரெக்கார்ட் பண்ணி அனுப்சான். நேத்துதான் அதுல ஏத்துனோம். கடைசில அவன் சந்தேகப்பட்டு எங்கிட்ட கேட்டத வெட்ட மறந்துட்டோம்.”

ஜெபகுமாரி சபாவின் உயரத்துக்குக் குனிந்தார்.

“சரியாத்தான் சொல்லிட்ட, சபா. நாளைக்கு எடுத்துனு வா.”