மெர்சி ஊருக்குப் போயிருக்கிறாள்

"அப்போ உங்க வீட்டம்மா எங்க? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

அரைக்கால் சட்டைக்காரர் கேட்டதும், பட்டறை வாசலில் நின்ற சுற்றுலாக் கூட்டம் சிரித்தது.

பீப்பாய்க்கு வளையம் தட்டிக்கொண்டிருந்த லோவெலும் சிரித்தார்.

"கோவிச்சிருந்தா மெர்சி மாவு மூட்டையையும் தூக்கிட்டுல்ல போயிருப்பா! அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னு கால்வாய்ப் படகுல போயிருக்கா. வந்துடுவா."

அந்த அருங்காட்சியகக் கிராமத்தின் வேலிக்குள் எப்போதும் 1836ஆம் ஆண்டுதான். வேலையாட்கள் காலையில் வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டால், மாலை மணி அடிக்கும்வரை அதற்குப் பிறகு நடந்த எதுவும் தெரியக்கூடாது. யாராவது போனை நீட்டினால், முகம் பார்க்கிற கண்ணாடியா என்று கேட்கவேண்டும்.

மற்ற வேலையாட்களுக்கு அந்த விதி ஒரு தொல்லை. இந்தக் கோடையில் லோவெல் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

பீப்பாய்க்காரர் மனைவி மெர்சியாக இத்தனை வருடமும் நடித்தவள் டோரீன். வேலிக்கு வெளியேயும் அவர் மனைவி அவள்தான்.

பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்தது வெளியே, வேறொரு நூற்றாண்டில். இங்கே அவள் அக்கா வீட்டில் இருந்தாள்.

யார் கேட்டாலும் அலுக்காமல் சொன்னார். அக்கா சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டுகிறாளாம். படகில் கொசுக்கடி தாங்கவில்லையாம். சொல்லச் சொல்ல அவள் பயணம் நீண்டுகொண்டே போனது.

மேலாளர்தான் விடவில்லை. "அந்த இடத்துக்கு ஆள் போடணும் லோவெல். எத்தனை நாள் தள்ளிப்போடுவீங்க?"

அடுத்த வாரம், என்பார் அவர்.

"வந்துடுவா, வந்துடுவான்னா எப்போதான் வருவாங்க?" அரைக்கால் சட்டைக்காரர் விடுவதாக இல்லை.

லோவெல் பதில் சொல்ல வாயெடுத்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

முன்பின் பார்த்திராத ஒருத்தி வந்து நின்றாள். டோரீனின் பழுப்புக் கவுன். இவள் உயரம், அது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. முதல் நாள் வேலை போலிருக்கிறது, உதட்டுக்கு மேலே வியர்த்திருந்தது.

"அடேங்கப்பா, பேசிக்கிட்டிருக்கும்போதே வந்துட்டாங்களே!"

அரைக்கால் சட்டைக்காரர் கூவ, எல்லோரும் கைதட்டினார்கள்.

லோவெலின் சுத்தியல் வளையத்தின் மேல் அப்படியே நின்றது.

அவள் ஒரு கனத்த கூடையை இரு கைகளாலும் அவர் பக்கம் நீட்டினாள்.

"படகு தாமதமாயிடுச்சுங்க. கை கடுக்குது... இதைக் கொஞ்சம் வாங்கிக்கிறீங்களா?"