சார்ஜ் மெதுவாக ஏறட்டும்

வெள்ளவத்தையில் தான் குடியிருக்கும் மாடிக்கட்டடத்தின் கீழேயே இருந்த போன் கடைக்குள், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் கனகேஸ்வரன் வயர்லெஸ் சார்ஜரோடு நுழைந்தார்.

“ராசிக், பிறந்தநாளுக்கு ஃபிளாட் ஆக்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கித் தந்தவை. அன்பு பெரிசுதான். ஆனா சாமான் சரியில்லை. வயரில ஒரு மணித்தியாலம், இதில நாலு.”

“மெதுவா ஏறினா பட்டறிக்கு நல்லம், அங்கிள்.”

“அடுப்பில வச்ச மாதிரிப் போன் கொதிக்குது.”

“கரண்ட் ஏறுறதுக்கு அதுதானே அடையாளம்.”

“கொஞ்சம் அரக்கி வச்சாலும் சார்ஜ் நிண்டுபோகுது. கையில எடுத்தாலும் நிண்டுபோகுது.”

“அப்ப எடுக்காதீங்க.”

கனகேஸ்வரன் பல்லைக் கடித்தார். “சரி, வயர் குத்துற ஓட்டையையாவது திருத்தித் தாரும். உள்ளுக்கு என்னவோ அடைச்சுப்போச்சு.”

ராசிக் டோர்ச் அடித்துப் பார்த்தார். “நோண்டினா போனே போய்டும் அங்கிள். இனி வயர்லெஸ் மட்டும்தான்.”

கனகேஸ்வரன் முணுமுணுத்துக்கொண்டே லிஃப்டில் ஏறியதும், அவர் மனைவி நேசமலர் படிவழியாக இறங்கி வந்தார்.

“கண்டுபிடிச்சிட்டாரோ?”

“இல்ல ஆன்ட்டி. ஈர்க்குத் துண்ட நல்லா இறுக்கித்தான் ஓட்டைக்குள்ள வெச்சீக்கீங்க.”

“வேற என்ன செய்யிறது? போனில சார்ஜ் இருந்தா கரோக்கியைப் போட்டுப் பாடத் தொடங்கிடுவார். ஃபிளாட் முழுக்கக் கேக்கும். இதைவிட மெதுவான சார்ஜர் ஒண்டும் இல்லையோ?”

“இல்ல ஆன்ட்டி. கடையில இருந்ததிலயே ஆக மெதுவானதத்தான் நான் எடுத்துக் குடுத்தது. ஆக்கள் சேத்த காசில என்ட சல்லியும் ஈக்குதுதானே.”