தாமல் கல்யாணத்துக் கரை

நெசவாளர் சங்கத்தின் முன்னறையில் காலை வெயில் கணினித் திரையின் பாதியை வெளுத்துவிடுகிறது. சங்கத்தில் கணினி வேலை பார்க்கும் சிவபாலன் திரையைச் சற்றே திருப்பி வைக்கிறான். எதிரே புவனேஸ்வரி, மழை ஒழுகி ஊறிப்போன, தறியில் கரையின் பூவேலையை இறக்கும் துளையிட்ட டிசைன் அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சங்கத்தின் கணினியில் அந்தக் கரையின் பழைய வரைபடம் கிடைத்தால்தான் புது அட்டை அடிக்க முடியும். அதுவரை பாதிப் புடவையோடு அவள் தறி நிற்கும்.

“கரைக்கு இன்னா பேருக்கா?”

“வூட்டுல மாப்பிள்ளைக் கரைன்னுதாம்பா சொல்லுவோம்.”

அவன் தட்டத் தட்டத் திரையில் கரைகளின் பட்டியல் சுருங்கி, கடைசியில் வெறுமையாகிறது.

“அல்லாம் அழிஞ்சிடுச்சாபா?”

“இல்லக்கா, அந்தப் பேர்ல இல்ல. மொதல்ல யாருக்கு நெய்ஞ்சீங்க?”

“தாமல்ல ஒரு கல்யாணத்துக்கு. அரக்குப் பொடவை.”

அவன் முதலில் அடித்த பேரை அழித்ததும் பட்டியல் முழுவதும் திரும்பி வருகிறது. ‘தா’ என்றதும் பாதி உதிர்கிறது. ‘தாமல்’ என முடிக்கும்போது ஒரு கைப்பிடி வரிகள்தான் மிச்சம். மனைவி இறந்துபோனதிலிருந்து, அடுத்து என்ன என்று அவன் மனம் எதையும் கேட்டதில்லை. இப்போது ‘அரக்கு’ என்று ஒவ்வோர் எழுத்தாக அடித்து, நிறத்துக்கான கட்டத்தில் எது நிற்கிறதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறான். ஒரே வரி நிற்கிறது. அதைத் தொட்டதும் மேலிருந்து கட்டம் கட்டமாக வரைபடம் விரிகிறது. புவனேஸ்வரி குனிந்து, கரையின் வளைவுகளைத் திரையில் படாமல் விரலால் வரைந்து பார்க்கிறாள்.

“இதேதாம்பா.”

பிரிண்டர் இரைந்தபடி தாளை இழுக்கிறது. சிவபாலனின் விரல்கள் விசைகளை விட்டு எழவில்லை.

“வேற எதுனா கரை தேடணுமாக்கா?”

“இருக்கிறது ஒரு தறிபா,” என்று அவள் சிரிக்கிறாள். “சரி, யானைக் கரைன்னு ஒண்ணு இருந்துச்சே, சும்மா அதையும் பாரு.”