அவசரத்துக்கு ஒரு நம்பர்

மேசைத் தொலைபேசியில் எண்களை அழுத்தினாள்.

அவளுடைய கைப்பைக்குள் போன் அடித்தது.

"உன் போனை அப்புறம் பாரும்மா. மொதல்ல தவசி வீட்டுக்குப் பேசு."

வாசலில் நின்ற மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. ஃபேக்டரியில் எட்டாம் நம்பர் பிரஸ் மெஷினில் மாட்டித் தவசியின் விரல்கள் துண்டாகிவிட்டன. ஒட்டவைத்துவிடலாம் என்கிறார்கள் ஆஸ்பத்திரியில். உடனே செய்ய வேண்டுமாம். வீட்டு ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

ரிசீவரை வைத்தாள். கைப்பை அடங்கியது.

திரையில் தவசியின் பக்கம். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்.

அது அவளுடைய எண்.

போன ஆடியில் அவளே போட்டதுதான்.

அன்று அவன் வேலைக்குச் சேர வந்து இந்த மேசைக்கு முன்னால் நின்றான். ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவன். யார் நம்பரைப் போடட்டும் என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான்.

அந்த மாதம்தான் ஆபீசுக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருந்தது. யார் எப்போது வந்தார்கள், யாருக்கு எவ்வளவு லீவு பாக்கி, எல்லாம் அதற்குத் தெரியும். ஒருவனுக்கு யாருமே இல்லாமல் இருக்கலாம் என்பது மட்டும் தெரியாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சிவந்துபோய் நகர மறுத்தது. அது நகராவிட்டால் அவனுக்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் வேலை இல்லை.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே நடத்துகிறார்கள். அவள் ஒன்றுதான் சொன்னாள்.

தன் எண்ணைப் போட்டாள். என்ன உறவு என்று கேட்டது. அக்கா என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, அப்படியே மறந்தும் போனாள்.

தவசிக்கு இது தெரியாது.

உங்களுக்கு யார் வருவார்கள் என்று ஆஸ்பத்திரியில் அவனைக் கேட்டிருப்பார்கள். மல்லாந்து கிடப்பவனால் தரையைக்கூடப் பார்க்க முடியாது.

உண்மையைச் சொன்னால் அவள் வேலைக்கே ஆபத்து. சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் அவன் விரல்கள் போய்விடும். பயமாகத்தான் இருந்தது.

அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

"என்னம்மா, யாரு இருக்காங்க அவனுக்கு?"

"அக்கா சார்."

"அப்பாடா. வர்றாங்களாமா?"

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கெளம்பிட்டாங்க சார்."